சிவராத்திரிக்கு ஒடித்த மாம்பூ

இத்தாலியில், பலேர்மோ நகரத்தில், இலங்கை ஆள் என்றால் மாமரம் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்பால் என் குடும்பம் பட்ட பாட்டை எழுதலாம் என்று இருக்கிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பல வருடமாக ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டில் துப்புரவு வேலை செய்கிறேன். என் கணவர் மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தின் பின்பக்கம் கோப்பை கழுவினார். கோடை வந்தால் கடற்கரை நிறையச் சனம், அவருக்கு நிற்க நேரமில்லை. குளிர்காலத்தில் வேலையே இல்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனுசன் வீட்டில் வாய் திறக்க மாட்டார். வந்தால் சாப்பாடு, பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பது. நான் சாமியிடம் கேட்டதெல்லாம் இவருக்குக் கதை வரவேண்டும் என்றுதான். எப்படிக் கதை வரவேண்டும் என்று விளக்கமாகக் கேட்காதது என் பிழை போலும்.

சிஞ்ஞோராவின் அப்பா வைத்திருந்த எலுமிச்சைத் தோட்டம் ஒன்று நகரத்துக்கு வெளியே மலையடியில் இருக்கிறது. எலுமிச்சையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று சிஞ்ஞோரா பாதி மரத்தை எடுத்துவிட்டு, பொலித்தீன் கூடாரம் போட்டு மாமரம் வைத்தா. வேளாண்மை படித்த தங்கையின் மகள் சொல்லித்தான் வைத்தா. கன்றுகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு, ஒருநாள் நான் நிலம் துடைத்துக்கொண்டு நிற்கும்போது கேட்டா.

"உன்ர மனுசன் மாமர நாட்டு ஆள்தானே? அவருக்கு இதெல்லாம் தெரியும் என்ன?"

நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னால், இவர் அந்த இடத்திலேயே "சீ, சீ" என்று இத்தாலியனில் ஓம் சொல்லித் தலையாட்டுகிறார், சிஞ்ஞோரா எதிரில் நிற்பது போல.

"உங்களுக்கு மாமரம் வைக்கத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"எங்கட வளவிலை நிண்டது."

"நிண்டது. ஆர் வைச்சது?"

"அது தானாய் நிண்டதப்பா. காய்க்கும், கல்லெறிஞ்சு விழுத்துவம். வேறை என்ன இருக்கு அதிலை?"

இவர் உணவக வேலையை விட்டுத் தோட்டத்துக்குப் போனார். வேறு என்ன இருக்கிறது என்பதைத்தான் பிறகு வந்த வருடங்களில் நான் படித்தேன்.

முதலில் கல். அந்த நிலத்தில் மண்வெட்டி போட்டால் கை நடுங்கும். மரம் வேர் விட மண் வேண்டும் என்று லொறியில் மண் கொண்டுவந்து மேடு மேடாகப் போட்டிருந்தார்கள். அந்த மண் மழைக்குக் கரையாமல் இருக்க இவர் கல் பொறுக்கி அணை கட்டினார். கல்லுக்குப் பஞ்சமில்லை. அது ஒன்றுதான் அங்கே பஞ்சமில்லாதது.

பிறகு தண்ணீர். கோடை முழுக்க வானம் ஒரு சொட்டு விடாது. கிணறு ஒன்று உண்டு, ஆனால் கடல் கிட்ட என்பதால் உப்புக் கலந்துவிட்டது, மாமரத்துக்கு உப்பு ஆகாது. ஆகவே வாய்க்கால் சங்கம் முறை வைத்து விடுகிற தண்ணீரைப் பிடித்து, சிஞ்ஞோராவின் அப்பா காலத்துக் கல்தொட்டியில் நிரப்பி, கறுப்புக் குழாய் வழியே ஒவ்வொரு மரத்தின் காலடியிலும் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். குழாயின் கண் அடைபட்டால் ஊசியால் குத்தித் திறக்கவேண்டும். என்னுடைய தையல் ஊசிகளெல்லாம் அந்தத் தோட்டத்துக்குப் போய்விட்டன.

எங்கள் வீட்டிலேயே தண்ணீர் ஒருநாள் வரும், மறுநாள் வராது. மொட்டை மாடித் தொட்டி வற்றினால் நான் வாளியில் அளந்து அளந்து பாத்திரம் கழுவுகிறேன். இவர் வந்து கதிரையில் இருந்துகொண்டு, "இண்டைக்கு எங்கட தொட்டி நிரம்பி வழிஞ்சது" என்று சொல்வார். நான் திரும்பிப் பார்ப்பேன். அவர் சொன்னது தோட்டத்துத் தொட்டியை.

பிறகு காற்று. ஆபிரிக்காப் பக்கமிருந்து ஷிரோக்கோ என்று ஒரு சூட்டுக்காற்று வரும். வந்தால் பொலித்தீனைக் கிழித்துக் கொடி போல ஆட்டிவிட்டுப் போகும். இவர் ஏணியில் ஏறி ஒட்டுப் போடுவார், நான் கீழே நின்று கந்தசஷ்டி கவசம் சொல்லுவேன். அதற்கு மேல் குளிர். பகலில் கூடாரத்துக்குள் வேர்க்கும், இரவில் மலையிலிருந்து இறங்குகிற குளிருக்கு மரத்தின் தளிர் கருகும். அதற்காகப் பகலில் பக்கத்துப் பொலித்தீனைச் சுருட்டி மேலேற்றி, பொழுது சாய முன்னம் இறக்கவேண்டும். குழந்தைக்குப் போர்வை போர்த்துவது போல. எங்கள் மகள் பிறந்தபோது இவர் ஒரு போர்வை போர்த்தியதை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். மனுசன் கதைக்கத் தொடங்கிவிட்டார். வந்தவுடன் தொடங்கினால் படுக்கும் வரைக்கும் குழாய், தளிர், காற்று. மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். நான் எங்கே போவது?

மரங்கள் முதன்முதலாக ஒழுங்காகப் பூத்தது போன வருடத்துக்கு முதல் வருடம், தை மாதத்தில். கூடாரத்துக்குள் போனால் வாசனை. கொப்புக்குக் கொப்பு செம்மஞ்சள் நிறத்தில் பூங்கொத்து. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். அப்போதுதான் சிஞ்ஞோராவின் தங்கை மகள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதெல்லாத்தையும் முறிச்சுப்போடுங்கோ."

கூடாரத்துச் சூட்டில் மரம் ஏமாந்து முந்திப் பூத்துவிடுகிறது, இரவுக் குளிரில் இந்தப் பூவுக்குள் விதை பிடிக்காது, இப்போது முறித்தால் சித்திரை வெயிலுக்கு மரம் மறுபடி பூக்கும், அந்தப் பூதான் காயாகும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினாள். நல்ல பிள்ளை. இவர் "சீ, சீ" என்றார். அவள் போனதும் ஒரு பூவைக்கூடத் தொடவில்லை.

"பூத்து நிக்கிற மரத்தை முறிக்கிறதோ? வயித்திலை இருக்கிற பிள்ளையைக் கலைக்கிற மாதிரி" என்றார்.

எனக்கும் மனம் வரவில்லை. பூத்த மரத்தில் மகாலட்சுமி இருக்கிறா என்று நம்புகிற சனம் நாங்கள். மாம்பிஞ்சைக் கிள்ளினாலே ஏச்சு விழும். சரி, சாமி பார்த்துக்கொள்வார் என்று விட்டோம். சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பூவெல்லாம் கறுத்துக் கொட்டியது. மிஞ்சியது ஒலிவ் காய் அளவில் உருண்டையாக நின்றது. வெட்டிப் பார்த்தால் உள்ளே கொட்டை இல்லை. மகள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதைப் போத்திலுக்குள்ளை போட்டு உப்புத் தண்ணி விடுவம். பல்லரோச் சந்தையிலை ஒலிவா எண்டு விக்கலாம்" என்றாள். இவர் அன்று பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சிஞ்ஞோரா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது. காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னா: "என்ர தம்பி அந்த நிலத்தைச் கரண்டுக்குச் சூரியத் தகடு போடுறவங்களுக்குக் குடுக்கச் சொல்லி நிக்கிறான். அடுத்த கோடை மட்டும் பொறுக்கச் சொல்லியிருக்கிறன். அப்பவும் காய் இல்லை எண்டால் என்னாலை அவனோடை மல்லுக்கட்டேலாது."

அதை வீட்டில் வந்து சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டு இருந்தேன். கடைசியில் சொன்னேன். இவர் மொண்டெல்லோ உணவகத்து வெள்ளை மேலங்கியை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அந்த மேலங்கியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. தோட்டம் போனால் இவருடைய பேச்சும் போய்விடும். அதுதான் எனக்குப் பயம். அன்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன், காய்த்தால் முதல் பழம் உனக்கு என்று.

அந்தக் கோடையும் மழைக்காலமும் போய் மறுபடி தை நெருங்கியது. பொங்கலுக்கு முதல் கிழமை எங்கள் தொலைபேசி ஓய்வதில்லை. பலேர்மோவில் இருக்கிற அத்தனை தமிழ் வீட்டுக்கும் மாவிலைத் தோரணம் வேண்டும். "அக்கா, ஒரு கொப்பு போதும்." "தங்கச்சி, வீடு குடிபுகுதல், ரெண்டு கொப்பு." இவர் கத்தரிக்கோலோடு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, முற்றின இலையாகப் பார்த்து ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தார், சொந்தத் தலைமயிரை வெட்டுகிற மாதிரி. நுனிக்கொப்பில் கை வைக்க ஒருவரையும் விடவில்லை. ஏனென்றால் அங்கே மொட்டு வந்திருந்தது.

மறுபடியும் தைக்கே. மறுபடியும் நேரத்துக்கு முந்தி.

தங்கை மகள் வந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. "மாசி முடிய முதல் எல்லாப் பூவும் போகவேணும். இல்லாட்டி போன முறை மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவர் வழமை போல "சீ, சீ."

நாட்கள் போகின்றன. இவர் காலையில் தோட்டத்துக்குப் போவார், பின்னேரம் வருவார். பூ அப்படியே நிற்கிறது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சேருங்கோ, எப்ப முறிக்கப் போறியள்?"

"நாளைக்கு."

"நேற்றும் நாளைக்கு எண்டுதான் சொன்னனீங்கள்."

"கத்தியைக் கொண்டு கிட்டப் போறன், கை எழும்புதில்லையப்பா. நீர் ஒருக்கால் வந்து பாரும், எப்பிடிப் பூத்திருக்கு எண்டு."

"பாத்தனான். போன முறையும் பாத்தனான். கடைசியிலை ஒலிவ் காயும் பாத்தனான்."

"இந்த முறை குளிர் குறைவு. சிலவேளை பிடிக்கும்."

"படிச்ச பிள்ளை பிடிக்காது எண்டுது."

"அந்தப் பிள்ளைக்கு இது பயிர். எங்களுக்கு அப்பிடியே?"

மகள் அறைக்குள்ளிருந்து, "மாம்மா மீயா, பூவுக்குக் கூட இந்த வீட்டிலை சண்டை" என்றாள்.

அவளை ஏசினேன். ஆனால் எனக்கும் இவர் சொன்னதை வெட்டிப் பேச முடியவில்லை. படித்த பிள்ளை சொல்வது சரி என்று தலைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. சிஞ்ஞோராவின் வீட்டில் நிலம் துடைக்கும்போதெல்லாம் அதையே யோசித்தேன். பூவை எப்போது நாங்கள் பயமில்லாமல் பறிக்கிறோம்? சாமிக்குப் பறிக்கும்போது. செவ்வரத்தை, நந்தியாவட்டை எதுவானாலும் விடிய எழும்பிக் குளித்துவிட்டு ஒரு மரத்தையே மொட்டையடிப்போம், ஒருவரும் பாவம் என்று சொல்வதில்லை.

நாட்காட்டியைப் பார்த்தேன். மாசி முடிய முன்னமே சிவராத்திரி.

கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கள் கோயில் வாடகைக் கட்டடத்தில்தான் இருக்கிறது, பூவெல்லாம் கடையில் வாங்கிய பூ, ஐயருக்கு எப்போதும் பூவுக்குக் குறைதான்.

"ஐயா, மாம்பூ சிவனுக்குச் சாத்தலாமோ?"

"வாசமுள்ள பூ. தாராளமாய்ச் சாத்தலாம். எவ்வளவு கொண்டு வருவியள் அம்மா?"

"கொஞ்சம் கூடவா இருக்கும் ஐயா."

"கூட எண்டால்? ஒரு தட்டோ?"

"காரின்ரை பின்பக்கம் நிறைய."

ஐயர் தொண்டையைச் செருமினார். பிறகு, "சிவராத்திரிதானே, ஒவ்வொரு சாமத்துக்கும் வைச்சுக்கொள்ளுவம்" என்றார்.

இவரிடம் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று இருந்தேன். என் முகத்தையே பார்த்தார். பிறகு எழும்பிப் போய்க் கத்தரிக்கோலைக் கழுவினார். சாமிக்குப் பறிக்க அது சுத்தமாக இருக்கவேண்டுமே.

சிவராத்திரியன்று காலையில் குளித்து, திருநீறு பூசி, வெறும் வயிற்றோடு இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போனோம். நான் சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டிருந்தேன். வெள்ளைச் சீலைத் துணி விரித்து, முதல் மரத்தின் கீழ் நின்று தேவாரம் ஒன்று பாடினேன். இவர் முதல் பூங்கொத்தை ஒடித்து என் கையில் தந்தார். பால் வடிந்தது. இவர் கண்ணைத் துடைத்தார், பால் பட்டுவிட்டது என்றார். பிறகு கை பழகிவிட்டது. மத்தியானத்துக்குள் என்னுடைய விரலெல்லாம் பிசின், தலையெல்லாம் பூந்தூள், முதுகு நிமிரவில்லை. ஒவ்வொரு கொத்தையும் துணியில் அடுக்கு அடுக்காக வைக்கச் சொல்லி இவர் வேறு அதிகாரம்.

"கசக்காதையும். சாமிக்குப் போறது."

"நீங்கள் ஒடிக்கிற வேகத்துக்கு நான் என்ன செய்யிறது?"

நேற்று வரைக்கும் கை எழும்பாத மனுசன்.

அன்று எங்கள் கோயிலில் லிங்கம் தெரியவில்லை. மாம்பூ மலைக்குள் சிவன் இருந்தார். சனம் எல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்கே இந்த வாசம் என்று கேட்டது. ஐயருக்கு மட்டும் தும்மல் விடவில்லை, மந்திரத்துக்கு நடுவில் தும்மித் தும்மிப் பூசை செய்தார். அதற்கும் ஒரு பேச்சு எனக்கு விழுந்தது.

அதன் பிறகுதான் உண்மையான வேதனை. மரம் பச்சையாக மட்டும் நின்றது. பங்குனி முழுக்க இவர் காலையில் போய்க் கொப்பு நுனியை ஒவ்வொன்றாகப் பார்ப்பார், பின்னேரம் வந்து, "ஒண்டுமில்லை" என்பார். நேற்றும் அதே சொல், இன்றும் அதே சொல். வேண்டாம் என்றிருந்ததை ஒடிக்கப் பண்ணினேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். சாமியறையில் நின்று, "உனக்குத்தானே தந்தது, திருப்பித் தா" என்று நான் சிவனோடு கணக்குத் தீர்க்கிற மாதிரிப் பேசினேன். அப்படிப் பேசக்கூடாதுதான்.

சித்திரை வருடப்பிறப்புக்குக் எல்லோருக்கும் கைவிசேடக் காசு கொடுத்து முடித்துவிட்டு இவர் தோட்டத்துக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி. "வந்திட்டுது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். முறித்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து புது மொட்டு.

நான் நிம்மதி என்று நினைத்தேன். எங்கே நிம்மதி? பூ வந்தால் போதாதாம், மகரந்தம் ஏற்ற ஆள் வேண்டுமாம். தேனீ மாம்பூவை அவ்வளவாக மதிக்காதாம். இலையான்தான், அந்த மொய்க்கிற ஈதான், அதற்குச் சரியாம். பொலித்தீன் கூடாரத்துக்குள் இலையான் எப்படி வரும்? மீன் தலை கட்டித் தொங்கவிட்டால் வருமாம். இதையும் அந்தப் படித்த பிள்ளைதான் சொன்னாள். இதை மட்டும் இவர் உடனே கேட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை. நான் விரதம். சிஞ்ஞோராவின் வீட்டு வேலை முடிந்து, இவர் காரில் ஏற்றிக்கொண்டு போக வந்தார். கதவைத் திறந்தேன். நாற்றத்தில் ஒரு அடி பின்னால் போனேன்.

"என்ன இது?"

"பல்லரோவிலை மீன்காரன் சும்மா தந்தவன். தலையும் குடலும்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"பூவுக்கு வெள்ளி சனி தெரியுமே?"

"எனக்குத் தெரியும். நான் கோயிலுக்குப் போறன், இந்த மணத்தோடையோ?"

"ஜன்னலைத் திறவும்."

பின்சீற்றில் இருந்த மகள் சால்வையால் மூக்கை மூடிக்கொண்டு, "கே ஸ்கீஃபோ, அப்பா. என்ர சிநேகிதியள் பாத்தால் நான் செத்தன்" என்றாள். இவர் பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். மனுசன் பாட்டுப் போட்டு நான் பார்த்தது எப்போது என்று ஞாபகமில்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டேன், மூக்கையும் சேர்த்து. அன்று கோயிலில் என்னைச் சுற்றி ஒருவரும் நிற்கவில்லை.

பூ முடியும் வரைக்கும் இந்தக் கூத்து. மரத்துக்கு மரம் வலைப்பையில் மீன் தலை, அதைச் சுற்றி இலையான் கூட்டம், அதைப் பார்த்து இவர் முகத்தில் ஒரு சந்தோசம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன இடம்தான் அது. இப்போது நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

பிஞ்சு பிடித்தது. ஒலிவ் அளவு வந்தது, நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். எலுமிச்சை அளவு வந்தது. ஆனி ஆடி வெயிலில் வாய்க்கால் தண்ணீர் முறை தள்ளிப் போனது, இவர் கல்தொட்டியில் மிஞ்சியதைக் குழாயில் சொட்டவிட்டுச் சொட்டவிட்டுக் காப்பாற்றினார். பொலித்தீனுக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து வெயிலைத் தணித்தார். ஒரு காய் வாசலுக்குக் கிட்ட நன்றாகத் திரண்டு சிவந்து வந்தது. அதன் காம்பில் மஞ்சள் நூல் கட்டினேன். இது பிள்ளையாருக்கு, ஒருவரும் தொடக்கூடாது என்று இவருக்கும் மகளுக்கும் சொன்னேன்.

சிஞ்ஞோராவுக்குச் சொல்ல நினைவு வரவில்லை.

புரட்டாதியில் ஒருநாள் சிஞ்ஞோரா தானே வந்து பார்க்கவேண்டும் என்று கேட்டா. இவர் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். சிஞ்ஞோரா கூடாரத்துக்குள் கால் வைத்தா, சுற்றிப் பார்த்தா. கையை நீட்டினா. மஞ்சள் நூல் கட்டின பழத்தைத் திருகிப் பறித்தா.

நான் வாயைத் திறந்தேன். இவர் என்னைப் பார்த்தார். கண்ணால், பேசாதையும் என்றார்.

"இந்த நூல் என்னத்துக்கு?" என்று சிஞ்ஞோரா கேட்டா.

"பழுத்திட்டுது எண்டு அடையாளம், சிஞ்ஞோரா" என்றார் இவர். பொய் சொல்ல இவ்வளவு இத்தாலியன் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துச் சீவினா. சாறு முழங்கை வரைக்கும் ஓடியது. ஒரு துண்டு தின்றா, இன்னொரு துண்டு தின்றா. தொலைபேசியை எடுத்துத் தம்பியாரைக் கூப்பிட்டா. "தகடு வேண்டாம். ஓம், நான் சொல்லுறன், வேண்டாம். நீ வந்து ஒண்டு திண்டு பாத்திட்டுக் கதை" என்று இத்தாலியனில் சொன்னது எல்லாம் எனக்கு விளங்கியது. இவர் பொலித்தீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு சிஞ்ஞோரா எனக்கும் ஒரு கீறு வெட்டித் தந்தா.

"தின்னன்."

"வீட்டை போய்ச் சாப்பிடுறன், சிஞ்ஞோரா."

"ஏன், பயமோ?" என்று சிரித்தா.

கடதாசிக் கைக்குட்டையில் அந்தக் கீறைச் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வருவதற்குள் சாறு ஊறி, பஸ் அட்டை, வீட்டுத் திறப்பு, கண்ணாடிக் கூடு எல்லாம் பிசுபிசுத்துவிட்டது. கையைக் கழுவிவிட்டு ஒரு வெள்ளித்தட்டில் அதை வைத்தேன். ஒரு பக்கம் நசிந்து, கடதாசி ஒட்டி, பார்க்கச் சகிக்கவில்லை. முழுப்பழம் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பிள்ளையாருக்கு முன்னால் வைத்து, இதுதான் வந்தது அப்பனே என்றேன். விளக்கு ஒழுங்காக எரிந்தது.

பின்னால் இவர் வந்து நின்று கும்பிட்டார். கும்பிட்டுக்கொண்டே கேட்டார்:

"வாற சிவராத்திரி என்ன கிழமை?"

"என்னத்துக்கு?"

"சிஞ்ஞோரா மற்றப் பாதி எலுமிச்சையையும் எடுத்திட்டு மா வைக்கச் சொல்லிப்போட்டா. மரம் கூடுது. ஐயருக்கு இப்பவே ஒருக்கால் சொல்லிவையும்."